கடலோரத்தில் மூடிய கதவு

காமிகெட் கதை – 7

மண்டபம் தருவதற்கில்லை என்று மகுஹாரி கண்காட்சி வளாகத்திலிருந்து பதில் வந்தபோது, காமிகெட்டின் 1991 கோடை விழாவுக்குச் சில மாதங்களே இருந்தன. வழக்கம்போல விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. முந்தைய டிசம்பரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோன விழா அது. அத்தனை பேரையும் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது?

அந்தக் கேள்வியை விழாவின் தலைவர் யோனெசாவா யோஷிஹிரோவும் அவருடைய தொண்டர்களும் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. அதற்கு முன், வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவோம்.

1975இல் ஜப்பானின் மங்கா (சித்திரக்கதை) ரசிகர் மாநாடு ஒன்று, தன்னை விமர்சித்த ஒரு பெண்ணை உள்ளே விட மறுத்தது. ஹராதா தெருவோ, அனிவா ஜுன், யோனெசாவா ஆகியோர் இருந்த 'மெய்க்யூ' என்ற விமர்சன வட்டம் அதைக் கண்டித்தது. கண்டனத்தோடு நிற்கவில்லை. யாரையும் வாசலில் நிறுத்தாத ஒரு சந்தையைத் தாங்களே கூட்டிவிடுவது என்று முடிவெடுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று, டோக்கியோவின் தொரானொமொன் பகுதியில், தீயணைப்புச் சங்கத்துக்குரிய கட்டடத்தின் கூட்ட அறையில் முதல் 'காமிக் மார்க்கெட்' கூடியது. கடை போட்டவை 32 வட்டங்கள், அதாவது ரசிகர் குழுக்கள். வந்தவர்கள் சுமார் 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள்.

விற்கப்பட்டவை 'தோஜின்ஷி' எனும் சிற்றிதழ்கள். ரசிகர்களே எழுதி, வரைந்து, கைக்காசைப் போட்டு அச்சடித்தவை. காமிக் மார்க்கெட் விரைவிலேயே காமிகெட் ஆயிற்று. 1977இல் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ' திரைக்கு வந்து அனிமே அலை எழுந்தது. 1979இல் 'குண்டம்' வந்தது. 1980களின் நடுவில் 'கேப்டன் சுபாசா' என்ற கால்பந்து அனிமே ஆயிரக்கணக்கான பெண்களைப் பேனா பிடிக்க வைத்தது. விழாவின் கூட்டம் முப்பதாயிரத்தைத் தாண்டியது. நடுவே 1981இல் அமைப்பாளர்களே இரண்டாகப் பிளந்தார்கள். அந்தப் பிளவையும் தாண்டி, ஹராதாவுக்குப் பின் தலைமைப் பொறுப்பேற்ற யோனெசாவா விழாவை ஹருமியின் பெரிய கண்காட்சி வளாகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம். இனி 1989.

* * *

அந்த ஆகஸ்டில் ஜப்பான் வேறெதையும் பேசவில்லை.

டோக்கியோவிலும் அதை அடுத்த சைதாமாவிலும் ஓராண்டுக்குள் நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜூலையில் 26 வயது இளைஞன் ஒருவன் பிடிபட்டான். ஆகஸ்டில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதும், அவனுடைய அறை தொலைக்காட்சிகளில் காட்டப்பட்டது. சன்னல் தெரியாத அளவுக்கு வீடியோ கேசட்டுகள். ஐந்தாயிரத்துக்கும் மேல். நடுவே மங்கா இதழ்கள். அந்த ஒரு காட்சி நாட்டின் கண்ணில் ஒட்டிக்கொண்டது.

அவன் காமிகெட்டிலும் கலந்துகொண்டவன் என்ற செய்தி அடுத்து வந்தது.

'ஒட்டாகு' என்ற பட்டப்பெயரை அதுவரை அறிந்தவர்கள் குறைவு. 1983இல் ஒரு சிறு மங்கா இதழில், காமிகெட்டுக்கு வந்த இளைஞர்களைச் சீண்டி எழுதப்பட்ட பத்தியில் தோன்றிய பெயர் அது. இப்போது வீட்டு அடுக்களை வரை போய்ச் சேர்ந்தது. மகனோ மகளோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படம் வரைந்தால் பெற்றோர் கலங்கினார்கள். அந்தக் கலக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு சமூகம் காரணம் தேடியது. கண்ணெதிரே இருந்தது ஓர் அறை. அந்த அறையைப் போன்ற அறைகள் எல்லாம் சந்தேகத்துக்குள்ளாயின.

அதே மாதம் ஹருமியில் கோடைக் காமிகெட் நடந்தது. சுமார் 10,000 வட்டங்கள். வந்தவர்கள் ஒரு லட்சம் பேர்.

இந்தத் தொடரின் கதை 'லட்சம்' என்ற சொல்லைத் தொடுவது இங்கேதான். 700 பேரில் தொடங்கிய விழா பதினான்கே ஆண்டுகளில் எட்டிய இடம் அது. அந்தச் சாதனையைக் கொண்டாட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கேமராக்களும் செய்தியாளர்களும் தேடி வந்தது வேறொன்றை. கொலைகாரன் வந்துபோன கூட்டம் எப்படிப்பட்டது என்று நாட்டுக்குக் காட்ட அவர்கள் வந்தார்கள்.

உள்ளே இருந்தவர்கள் யார்? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். மாணவிகள், அலுவலகம் போகும் இளம்பெண்கள். ஆளுக்கு அரை மேசை, இரண்டு நாற்காலி. விற்ற காசில் அச்சுச் செலவு திரும்பினாலே மகிழ்ச்சி. தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வைத்து, மூலக்கதை சொல்லாமல் விட்ட காதலையும் பிரிவையும் அவர்கள் வரைந்தார்கள். தொலைக்காட்சி வரைந்து காட்டிய இருண்ட அறை ஆண்மகன் அந்த மண்டபத்தில் சிறுபான்மை. இதை அன்று யாரும் நின்று பார்த்து எழுதியிருந்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளின் கதை ஒருவேளை வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த மேசைகளிலிருந்து அப்போதுதான் ஒரு தலைமுறை எழுந்து தொழில்முறை உலகுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் சுபாசா சிற்றிதழ்களில் பெயர் பெற்ற ஒசாகி மினாமி பெரிய மங்கா இதழில் தொடர் வரையத் தொடங்கியது 1989இல். கோகா யுன் அதே வழியில் வந்தவர். 'கிளாம்ப்' என்ற பெண்கள் குழு அதே ஆண்டில் 'ஆர்ஜி வேதா'வோடு அறிமுகமானது. இந்திரனும் அசுரனும் கந்தர்வனும் உலவும் கதை. ரிக்வேதத்திலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு, ஜப்பானியப் பெண்கள் பலர் கூடிக் கட்டிய உலகம். சிற்றிதழ் மேசையில் விரலைப் பழக்கியவர்கள் அவர்கள்.

* * *

அதே ஆண்டு அக்டோபரில் டோக்கியோ விரிகுடாவின் மறுகரையில், சிபா மாகாணத்தில், மகுஹாரி மெஸ்ஸே திறக்கப்பட்டது.

கடலைத் தூர்த்து எடுத்த நிலம். கட்டடக் கலைஞர் மாகி ஃபுமிஹிகோவின் வடிவமைப்பு. அலைபோல் வளைந்த கூரையின் கீழ் அடுத்தடுத்து எட்டு கூடங்கள். முப்பது ஆண்டுகளாக ஹருமியில் நடந்துவந்த டோக்கியோ மோட்டார் கண்காட்சியே அந்த அக்டோபரில் அங்கே குடிபோய்விட்டது. அதைத் தொடர்ந்து இரண்டே மாதத்தில் காமிகெட்டும் போனது. 1989 டிசம்பர்.

போகாமல் இருக்கவும் முடியாது. பத்தாயிரம் வட்டங்களுக்கு ஹருமி போதவில்லை. இடமில்லை என்று பல விண்ணப்பங்களைக் குலுக்கலில் தள்ள வேண்டிய நிலை யோனெசாவாவுக்கு வலித்தது. வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்திக்காகத் தொடங்கிய சந்தை அல்லவா?

அந்த முதல் மகுஹாரி விழாவுக்கு டோக்கியோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து நேராக வண்டி கிடையாது. கெய்யோ தடம் டோக்கியோ நிலையம் வரை நீண்டது 1990 மார்ச்சில்தான். வழியில் வண்டி மாறி, குளிர்காற்று வீசும் கடற்கரையில் இறங்கி, வரிசையில் நின்றார்கள். அப்படியும் கூட்டம் முந்தைய கோடையைத் தாண்டியது.

1990 கோடையில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரே ஆண்டில் இரு மடங்கு. டிசம்பரில் இன்னும் கூடியது. வட்டங்கள் 13,000 ஆயின. இரண்டு நாள் விழாவில் இரண்டு நாளும் வந்தவர் இருமுறை எண்ணப்படுவார் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் மலைப்புத்தான்.

எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர்? ரயில் வந்தது ஒரு காரணம். மண்டபம் பெரிதானது ஒரு காரணம். என் கணிப்பில் மூன்றாவது காரணமே வலுவானது. 1989இன் கூச்சலுக்கு முன்னால், ஓர் ஊரின் பள்ளியில் தனியாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த பெண்ணுக்குத் தன்னைப் போல் இன்னும் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது. கண்டித்துப் பேசிய தொலைக்காட்சிதான் அவளுக்கு விலாசத்தைச் சொன்னது.

விழாவை நடத்தும் முறையும் இந்தக் காலத்தில்தான் உருப்பெற்றது. இதை நடத்தியவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத் தொண்டர்கள். தொலைபேசிக் கையேடு போல் தடித்த பட்டியல் நூல், அதில் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சிறு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் அவர்களே வரைந்தனுப்பிய படம். வாங்க வருபவரும் விற்பவரும் தொண்டரும் ஒரே தரம், எல்லோரும் பங்கேற்பவர்கள், இங்கே வாடிக்கையாளர் என்று ஒருவர் இல்லை என்பது யோனெசாவாவின் உறுதியான கொள்கை. வரிசை கலைந்தால் அது ஒவ்வொருவரின் பொறுப்பு. குப்பை விழுந்தால் அதுவும். இரண்டு லட்சம் பேரைக் காவல்துறையின் தடியில்லாமல் நகர்த்த முடிந்தது இந்தக் கொள்கையால்தான்.

எழுதவேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த மேசைகளில் காமப் படங்கள் கொண்ட இதழ்களும் இருந்தன. ஆண்கள் வரைந்தவையும் இருந்தன, பெண்கள் வரைந்தவையும் இருந்தன. 1979இல் மங்கா ஓவியர் அசுமா ஹிதெயோவும் நண்பர்களும் கொண்டுவந்த 'சிபெல்' என்ற கறுப்பு அட்டைச் சிற்றிதழ் திறந்துவிட்ட வழி அது. பத்தாயிரம் வட்டங்களில் அவை ஒரு பகுதி. ஆனால் இருந்தன. யோனெசாவா அவற்றை வெளியேற்ற மறுத்தார். சட்டம் அனுமதிக்கும் எதையும் ரசனையின் பேரால் தடுப்பதில்லை என்பது அவர் நிலை. அதற்காக அவர் கொடுத்த விலையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

* * *

1990 கோடை. வகயாமா மாகாணத்தில் தானாபே என்ற சிறு நகரம்.

டோக்கியோவிலிருந்து வெகு தொலைவு. அங்கே சில தாய்மார்கள் புத்தகக் கடையில் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்கியிருந்த மங்காக்களைப் புரட்டிப் பார்த்து அதிர்ந்தார்கள். மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். அந்த மனு ஊர் ஊராகப் பரவியது. மாகாண அரசுகள் 'தீங்கான' மங்காக்களின் பட்டியல் போடத் தொடங்கின. செப்டம்பரில் அசாஹி நாளிதழ், தரம் தாழ்ந்த மங்காக்கள் பெருகிவிட்டன என்று தலையங்கமே எழுதியது.

இது சிற்றிதழ்களை நோக்கி எழுந்த இயக்கம் அன்று. பெரிய பதிப்பகங்கள் கடைகளில் குவித்த நூல்களை நோக்கி எழுந்தது. பதிப்பகங்களுக்குத் தப்பிக்க வழி இருந்தது. 1991இன் தொடக்கத்தில் அட்டையில் 'வயது வந்தோருக்கான காமிக்ஸ்' என்று முத்திரை போட ஒப்புக்கொண்டன. சங்கம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அரசோடு பேசும் பழக்கமும் இருந்தது.

அரை மேசைக்காரர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

1991 பிப்ரவரியில் டோக்கியோ காவல்துறை சிற்றிதழ்களை விற்ற புத்தகக் கடைகளில் இறங்கியது. ஆபாசப் படங்களை விற்பனைக்கு வைத்திருந்ததாகக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவில் கைதுகள். கடைப் பொறுப்பாளர்களோடு அது நிற்கவில்லை. வரைந்தவர்கள், அச்சடித்தவர்கள் என்று விசாரணை நீண்டது. மாலையில் வேலை முடிந்து வந்து படம் வரைந்த ஆட்கள் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார்கள்.

175ஆம் பிரிவில் எது ஆபாசம் என்ற விளக்கம் கிடையாது. அதை நீதிமன்றங்களும் காவல்துறையும் காலத்துக்கேற்ப முடிவு செய்துவந்தன. அதே 1991இன் தொடக்கத்தில் ஷினொயாமா கிஷின் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஒரு நடிகையின் நிர்வாணப் புகைப்பட நூலை வெளியிட்டார். அதுவரை தடுக்கப்பட்டுவந்த ஓர் எல்லையை அந்த நூல் தாண்டியது. காவல்துறை எச்சரித்ததோடு விட்டுவிட்டது. நவம்பரில் அவரே வெளியிட்ட இன்னொரு நூல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பெரிய பதிப்பகத்தின் கையில் கோடு தளர்ந்துகொண்டிருந்தது. நூறு பிரதி அடிக்கும் மாணவியின் கையில் அதே கோடு இறுகியது. இந்த ஏற்றத்தாழ்வை எண்ணினால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

* * *

இப்போது மகுஹாரிக்கு வருவோம்.

பிப்ரவரிக் கைதுகளின் சூடு ஆறுவதற்குள், யாரோ ஒருவர் பெயர் குறிப்பிடாமல் சில சிற்றிதழ்களைச் சிபா மாகாணக் காவல்துறைக்கு அனுப்பிவைத்தார். இவை மகுஹாரியில் விற்கப்படுகின்றன என்பது புகார்.

காவல்துறை காமிகெட்டைத் தேடி வரவில்லை. வந்திருந்தால் வழக்கு, வாதம், தீர்ப்பு என்று ஒரு வழி இருந்திருக்கும். அது மண்டபத்தாரிடம் பேசியது. சட்டத்துக்கு விரோதமான பொருள் விற்கப்படும் நிகழ்ச்சிக்கு இடம் தருவீர்களா என்ற கேள்வி மகுஹாரி மெஸ்ஸேயின் முன் வந்து நின்றது. மாகாண அரசின் முதலீட்டில் எழுந்த மண்டபம் அது. திறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. கார் நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் வரிசையில் நின்றன. மண்டபத்தார் என்ன செய்வார்கள்?

கதவைச் சாத்தினார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். காமிகெட்டை யாரும் தடை செய்யவில்லை. தடை உத்தரவு என்று ஒரு தாள் கிடையாது. மேல்முறையீடு செய்ய நீதிமன்றம் கிடையாது. வாடகைக்கு விட மாட்டேன் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னார், அவ்வளவே. பதினாறு ஆண்டுகளாகத் தணிக்கைக்குத் தலைவணங்காத விழாவை ஒரு வாடகை மறுப்பு நிறுத்திவிடும்போல் இருந்தது.

1976இல் இது நடந்திருந்தால் ஒரு நாள் வேலை. தொரானொமொன் இல்லையென்றால் இதாபாஷி, அதுவும் இல்லையென்றால் ஒதா வட்டாரத்து மன்றம். எழுநூறு பேருக்கு டோக்கியோவில் நூறு கூரைகள் கிடைக்கும். உண்மையில் அந்த ஆண்டுகளில் காமிகெட் அப்படித்தான் மண்டபம் மண்டபமாக மாறிக்கொண்டிருந்தது. கவாசாகி, யோகொஹாமா என்று பக்கத்து நகரங்களுக்கும் போனது. இரண்டு லட்சம் பேருக்கு அப்படி முடியாது. டோக்கியோ வட்டாரம் முழுவதிலும் அத்தனை பேரைத் தாங்கும் கண்காட்சி வளாகங்கள் இரண்டுதான் இருந்தன. ஒன்று மகுஹாரி. மற்றொன்று ஹருமி.

வளர்ச்சி காமிகெட்டுக்குப் பலம் தந்தது என்று இத்தனை வாரமும் எழுதிவந்தேன். அது பாதி உண்மை. வளர வளர, அதைத் தாங்கக்கூடிய கூரைகள் குறைந்தன. கூரை குறையக் குறைய, கூரைக்காரரின் சொல்லுக்கு எடை கூடியது. எந்த அமைச்சரும் பெறாத அதிகாரம் ஒரு மண்டப அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

* * *

யோனெசாவாவுக்கு அப்போது வயது 38 நெருங்கிக்கொண்டிருந்தது. குமாமோதோவில் பிறந்து, மெய்ஜி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, மங்கா விமர்சகராக ஆனவர். போருக்குப் பிந்தைய பெண்கள் மங்காவின் வரலாற்றை 1980இலேயே நூலாக எழுதியவர். அந்த மங்காக்களைக் குப்பை என்று உலகம் ஒதுக்கியபோது அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு சிற்றிதழைக் கையில் எடுத்து, 'இது வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர் முன்னால் வழிகள் அதிகமில்லை.

விழாவை ஓராண்டு நிறுத்தலாம். நிறுத்தினால், குற்றம் செய்தவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். பதின்மூன்றாயிரம் வட்டங்கள் சிதறும். மறுபடி கூடுமா என்பது நிச்சயமில்லை.

காம இதழ்களை அடியோடு விலக்கலாம். அதுதான் எல்லோரும் எதிர்பார்த்த எளிய வழி. பெரும்பான்மையைக் காப்பாற்றச் சிறுபான்மையைக் கைவிடுவது. 1975இல் ஒரு மாநாடு செய்ததை 1991இல் காமிகெட் தன் கையால் செய்வதாக அது முடிந்திருக்கும்.

மூன்றாவது வழி, சட்டத்தின் கோட்டைத் தாங்களே கையில் எடுத்துக்கொள்வது. எந்த வகை இதழும் வரலாம். ஆனால் ஒவ்வோர் இதழும் விற்பனைக்கு முன் தொண்டர்களின் கண்ணில் பட வேண்டும். 175ஆம் பிரிவில் மாட்டக்கூடிய படம் இருந்தால் அந்த இதழ் அன்று மேசைக்கு வராது.

மூன்றாவது வழியை எடுத்தார்கள். அதோடு, விட்டுவந்த ஹருமிக்குத் திரும்பினார்கள்.

1981இலிருந்து காமிகெட்டை அறிந்த இடம் ஹருமி. இவர்கள் வரிசை நிற்பவர்கள், குப்பை பொறுக்கிவிட்டுப் போகிறவர்கள் என்று அந்த வளாகம் பல ஆண்டுகளாகக் கண்ணால் கண்டிருந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் சேர்த்த அந்த நம்பிக்கை அன்று கைகொடுத்தது என்றே நான் கருதுகிறேன். இடம் சிறிது. வட்டங்கள் 13,000 என்பதிலிருந்து சுமார் 11,000 ஆகக் குறைந்தன. இரண்டாயிரம் வட்டங்கள் வெளியே நின்றன. அந்தக் கணக்கையும் இந்த வெற்றியின் பக்கத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.

* * *

1991 ஆகஸ்ட். ஹருமி. காலை.

பொதுமக்களுக்கான வாசல் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. வட்டங்கள் வந்து பெட்டிகளைப் பிரிக்கின்றன. அச்சகத்திலிருந்து நேராக வந்த கட்டுகள். புது மையின் வாசனை. ஒவ்வொரு புதிய இதழிலும் ஒரு பிரதியை எடுத்து, வட்டத்தின் பெயரும் விலையும் எழுதிய சீட்டை இணைத்துத் தொண்டரிடம் தர வேண்டும்.

மாதிரிப் பிரதி தருவது புதிதல்ல. இந்த இதழ்களை எந்த நூலகமும் சேர்க்காது, நாம்தான் சேர்க்க வேண்டும் என்று காமிகெட் பிரதிகளை வாங்கிப் பாதுகாத்துவந்தது. நூறு பிரதி அடித்து நூறும் விற்றுத் தீர்ந்தபின் அந்த ஒன்றுதான் சாட்சி. அன்று முதல் அதே பிரதிக்கு இரண்டாவது வேலை வந்தது. பெட்டிக்குள் போகுமுன் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

புரட்டியவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். அவர்களும் ரசிகர்கள். சிலர் தாங்களே வரைபவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வட்டங்கள். கையில் இருப்பதோ வாசல் திறக்கும் வரையிலான சில மணி நேரம். ஆடை விலகிய படம் வந்தால் எவ்வளவு விலகியிருக்கிறது, மறைத்திருக்கிறார்களா, மறைத்தது போதுமா என்று பார்க்க வேண்டும். போதாதென்றால் அந்த வட்டத்தின் மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, இருநூறு பிரதிகளில் இருநூறு முறை அந்த இடத்தை அடித்துவிட்டு விற்கலாம். இல்லையென்றால் கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

வாசல் திறந்தது. கூட்டம் வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர். இந்தச் சிறிய ஹருமிக்கு. விழா நடந்து முடிந்தது.

காவல்துறை தலையிடவில்லை. காமிகெட் பிழைத்தது. அந்தச் சோதனை முறை இன்றுவரை தொடர்கிறது. மகுஹாரி மெஸ்ஸேயின் கதவு காமிகெட்டுக்கு மறுபடி திறக்க 2015 மார்ச் வரை ஆயிற்று, அதுவும் ஒரு சிறப்பு நிகழ்வுக்காக. இருபத்துநான்கு ஆண்டுகள். அந்த நாளைக் காண யோனெசாவா இல்லை.

அவர் செய்தது சரியா? இந்தத் தொடருக்காகப் படிக்கும்போது நான் பலமுறை இந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தேன். என் பதில், சரி. அன்று அவர் சுத்தமான கொள்கையைப் பற்றிக்கொண்டு மண்டபமில்லாமல் நின்றிருந்தால், அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த அரை மேசைகளில் உட்கார்ந்த பல லட்சம் பேருக்கு உட்கார இடம் இருந்திருக்காது. அதே சமயம், காவலர் செய்ய வேண்டிய வேலையை அன்று காலை ரசிகர்களிடம் கொடுத்தார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் புரட்டிச் சோதிக்கும் வேலை. 'எல்லோரும் பங்கேற்பவர்கள்' என்ற கொள்கை இதற்கும் நீண்டுவிட்டது.

தொழில்முறை மங்கா ஓவியர்கள் கருத்துச் சுதந்திரத்துக்காக ஒன்றுகூடி அமைப்பு கண்டது அடுத்த ஆண்டு, 1992இல்தான். அதற்குள் அரை மேசைக்காரர்கள் தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொண்டுவிட்டார்கள்.

* * *

ஹருமி ஒதுங்க இடம் கொடுத்தது. ஆனால் ஹருமியின் ஆயுளே முடிந்துகொண்டிருந்தது.

1959இல் திறந்த வளாகம் அது. அதை மூடிவிட்டு, இன்னும் சற்றுத் தள்ளி, அரியாகே என்ற கடல் தூர்த்த நிலத்தில் புதிய, மிகப் பெரிய கண்காட்சி வளாகம் ஒன்றை எழுப்ப டோக்கியோ பெருநகர அரசு திட்டமிட்டது. 1992இல் வேலை தொடங்கியது. 1996இல் அங்கே உலக நகரக் கண்காட்சி நடக்கும், உலகமே வரும் என்றார்கள். நான்கு தலைகீழ்ப் பிரமிடுகள் அந்தரத்தில் நிற்பது போன்ற ஒரு கட்டடம் கடலோரத்தில் மெல்ல எழுந்தது.

பிறகு 1995 ஏப்ரலில் ஒரு தேர்தல். நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதிப் புகழ்பெற்ற அவோஷிமா யுகியோ, அந்த உலகக் கண்காட்சியை ரத்து செய்வேன் என்ற வாக்குறுதியோடு நின்று ஆளுநரானார். மே மாதம் சொன்னபடி ரத்தும் செய்தார். திருவிழாவுக்காகக் கட்டிய வளாகம் திருவிழா இல்லாமல் நின்றது. அந்த டிசம்பரில் ஹருமியில் காமிகெட் கடைசி முறையாகக் கூடியது.

மகுஹாரி ஒரு மாகாண அரசின் மண்டபம். அரியாகேயில் எழுந்தது பெருநகர அரசின் மண்டபம். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக விழாக் காலைதோறும் ஹருமியில் புரட்டிப் பார்த்த பக்கங்களை, புதிய வீட்டுக்காரர் போதுமான சாட்சியாக எடுத்துக்கொள்வாரா? இல்லை, டோக்கியோவின் முகமாகக் கட்டிய கட்டடத்தில் உங்களுக்கு இடமில்லை என்று சிபா சொன்னதையே டோக்கியோவும் சொல்லுமா?

(தொடரும்)